பதினான்கு பொத்தான்கள்

முதியோர் குடியிருப்பின் நிலவறையில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள் மெர்வி. மடியில் கணினி. சுவரில் அவள் புதிதாக மாட்டிய சாம்பல் நிறப் பெட்டியின் கடைசி விளக்கு இன்னும் பச்சையாகவில்லை. ஈசால்மி நகரின் இந்தப் பகுதிக்கு வரும் செம்புக் கம்பித் தொலைபேசியை இன்று மதியம் பன்னிரண்டு மணிக்கு நிறுத்துகிறார்கள். அதற்கப்புறம் மேலே உள்ள பதினான்கு வீட்டுத் தொலைபேசிகளும் இந்தப் பெட்டி வழியாக இணையத்தில்தான் பேசியாக வேண்டும்.

விளக்கு பச்சையானது. சோதனைத் தொலைபேசியை மாட்டி, நேரம் சொல்லும் எண்ணைக் கூப்பிட்டாள். ஒன்பது மணி ஆறு நிமிடம் என்று ஒரு பெண்குரல் தெளிவாகச் சொன்னது. உடனே கைபேசியில் கம்பெனியின் செயலி 'முடிந்தது' என்ற பொத்தானை நீட்டியது. மற்ற பணியாளர்கள் இந்த இடத்தில் அதை அழுத்திவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். குரல் கேட்டால் வேலை முடிந்தது, அப்படித்தான் எல்லாரையும் பழக்கி வைத்திருந்தார்கள். ஒரு வேலைக்கு நாற்பத்தைந்து நிமிடம்.

மெர்வி இருபத்திரண்டு வருடம் தொலைபேசிக் கம்பெனியில் நிரந்தர வேலையில் இருந்தவள். நான்கு வருடத்துக்கு முன் அவளையும் இன்னும் அறுபது பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அதே வேலையை ஓர் ஒப்பந்தக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள். அந்தக் கம்பெனி அவளையே கூப்பிட்டது. அதே ஊர், அதே நிலவறைகள், வண்டி மட்டும் அவளுடையது. பெயர் என்னவோ சுயதொழில் முனைவர். பெயருக்கு ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் காய்ச்சல் வந்தால் படுக்க முடியாது, ஒரே மாதத்தில் மூன்று முறை நேரம் தாண்டினால் வேலைப் பட்டியலில் பெயர் வராது. இந்த மாதம் ஏற்கெனவே இரண்டு முறை தாண்டியாகிவிட்டது.

ஆனாலும் அவள் அழுத்தவில்லை. மேலே ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலோரம் ஓர் அவசரப் பெட்டி இருப்பதாகக் கட்டடப் பராமரிப்பாளர் இல்போ வந்தவுடனே சொல்லியிருந்தார். மணிக்கட்டில் கட்டிய பொத்தானை அழுத்தினால் அந்தப் பெட்டி தொலைபேசி வழியே அவசர மையத்தைக் கூப்பிடும். அது மனிதர் மாதிரிப் பேசாது. பீப் பீப் என்று ஒலி அனுப்பி, இன்ன வீடு என்று சொல்லும். அது மையத்துக் கருவிக்குப் புரிந்தால்தான் அங்கே ஆள் எடுத்துப் பேசுவார்.

ஒரு வீட்டிலாவது அழுத்திப் பார்த்துவிடலாம் என்றாள். குரல்தான் நன்றாகக் கேட்கிறதே, எதற்கு வம்பு என்று இல்போ முனகினார். முனகிக்கொண்டே மூன்றாம் எண் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

அங்கே சைமிக்கு எண்பத்தாறு வயது. வந்தவளை உட்காரவைத்துக் காப்பி ஊற்றினாள். பொத்தானை அழுத்தச் சொன்னதும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே, அவர்களை ஏன் வீணாகத் தொந்தரவு செய்ய வேண்டும் என்பது அவள் கேள்வி. போன ஜனவரியில் குளியலறையில் விழுந்தபோதும் அவள் அப்படித்தான் நினைத்தாள். மணிக்கட்டில் பொத்தானைக் கட்டிக்கொண்டே காலை ஆறிலிருந்து பதினொன்றுவரை ஈரத் தரையில் கிடந்திருக்கிறாள்.

"நல்ல ஆளுதான் போங்க. இப்ப என் பேரைச் சொல்லி அழுத்துங்க, திட்டு எனக்கே விழட்டும்" என்றாள் மெர்வி.

சைமி அழுத்தினாள். பெட்டி பீப் என்றது, கொஞ்சம் நின்றது, மறுபடி கூப்பிட்டது. மூன்று முறை முயன்று, சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு ஓய்ந்தது.

சைமி அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னைக்கு அழுத்தாமக் கிடந்தது என் தப்பு. இனிமே அழுத்துவேன்னு மகளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அழுத்தியும் யாரும் வரலைன்னா அது யாரு தப்பும்மா?"

மெர்வி பாதிக் காப்பியை வைத்துவிட்டு எழுந்தாள். கீழே மாட்டியது மாதிரிப் பெட்டியை இதே ஊரில் எத்தனை கட்டடத்தில் மாட்டி, குரலை மட்டும் கேட்டுவிட்டு எத்தனை பேர் கிளம்பிப் போயிருப்பார்கள்?

நிலவறையில் பெட்டியின் இணையப் பக்கத்தைத் திறந்தாள். தொலைபேசி எண்களும் ஒலி அளவும் மட்டும்தான் அவள் கைக்கு எட்டின. மற்றதெல்லாம் மங்கலாகப் பூட்டிக் கிடந்தது. கோளாறு என்னவென்று அவளுக்குத் தெரியும். இணையத்தில் இடம் மிச்சம் பிடிக்கக் குரலைச் சுருக்கி அனுப்புகிற ஏற்பாடு அது. மனிதக் காது அதைப் பொறுத்துக்கொள்ளும். பீப் ஒலி அதில் நசுங்கிப்போய்விடும். மாற்ற வேண்டுமென்றால் மேலாளர் கடவுச்சொல் வேண்டும், அதை ஒப்பந்த ஆட்களுக்குத் தருவதில்லை.

தம்பெரே நகரில் இருக்கும் ஒப்பந்தக் கம்பெனியின் வேலைப் பங்கீட்டாளன் யெஸ்ஸேயைக் கூப்பிட்டாள். இரண்டு வருடமாகக் குரலில் மட்டும் பழக்கம். இது நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு, தொடக்கூடாது, விண்ணப்பம் போட்டால் பத்து வேலை நாளில் பார்ப்பார்கள் என்றான்.

"மெர்வி, குரல் வருதில்ல? முடிச்சிட்டுக் கிளம்புங்க. ஏற்கெனவே ரெண்டு தடவை தாண்டிட்டீங்க, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"சரி, எழுதிக்கோ யெஸ்ஸே. மணி பத்து இருபது. பதினாலு வீட்டுல அவசரப் பொத்தான் வேலை செய்யலைன்னு மெர்வி சொன்னா, அப்படியே மூடிட்டுப் போகச் சொன்னது நான்தான்னு உன் முழுப் பேரைப் போட்டு எழுது. எழுதி எனக்கு அனுப்பு. வர்ற வரைக்கும் நான் இந்த வாளியைவிட்டு எழுந்திருக்க மாட்டேன்."

கால் மணி நேரத்தில் ஒரு கடவுச்சொல் வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மட்டும் செல்லும்.

குரலைச் சுருக்குவதை நிறுத்தினாள். பெட்டி அணைந்து எழ நான்கு நிமிடம். சைமியை மறுபடி அழுத்தவைத்த இல்போ மேலேயிருந்து சிவப்பு என்று கத்தினார். பேச்சில்லாத இடைவெளியை வெட்டுகிற வசதியை நிறுத்தினாள். மறுபடி நான்கு நிமிடம், மறுபடி சிவப்பு. பிறகு பீப் ஒலியைப் பிரித்தெடுத்துத் தனியாக அனுப்பும் ஏற்பாட்டை எடுத்துவிட்டு, ஒலியாகவே போகவிட்டாள். எதிரொலி அடக்குவதையும் நிறுத்தினாள். குளிரில் விரல் விறைத்திருந்தது, இரண்டு முறை எண்ணைத் தப்பாக அடித்துத் திருத்தினாள். விடுவதாக இல்லை.

பதினொன்று பத்துக்குச் சைமி வீட்டிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். அவசர மையத்து ஆள் பெட்டிக்குள்ளிருந்து, "சைமி, என்ன உதவி வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணுமில்லைங்க, மன்னிச்சிடுங்க, வேலையைக் கெடுத்துட்டேன்" என்று சைமி தலையைக் குனிந்து பெட்டியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள். இல்போவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

மற்றப் பதிமூன்று வீட்டுக் கதவையும் தட்டி, ஒவ்வொருவரையும் அழுத்தவைத்தாள் மெர்வி. முடித்தபோது பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம் இருந்தது.

வண்டியில் உட்கார்ந்து செயலியைத் திறந்தாள். நேரம் தாண்டியதற்குக் காரணம் சொன்னால்தான் வேலை முடிந்ததாகப் பதியும். தேர்ந்தெடுக்க மூன்றே காரணங்கள் இருந்தன. போக்குவரத்து நெரிசல். வாடிக்கையாளர் வீட்டில் இல்லை. பணியாளர் தவறு. நெரிசல் என்று போட்டால் வண்டி நின்ற இடத்தை வைத்துப் பிடித்துவிடுவார்கள். சைமியை வீட்டில் இல்லாதவளாக்க அவளுக்கு மனம் வரவில்லை. மூன்றாவதை அழுத்தினாள். மாற்றியதையெல்லாம் வரிசையாக எழுதி, மற்றக் கட்டடங்களிலும் இதைச் செய்யுங்கள் என்று யெஸ்ஸேக்கு அனுப்பினாள்.

திங்கட்கிழமை காலை எல்லாப் பணியாளர்களுக்கும் ஓர் அறிவிப்பு வந்தது. அவசரப் பெட்டி உள்ள கட்டடங்களுக்குத் தொழில்நுட்பக் குழு உருவாக்கிய புதிய அமைப்பு என்று தலைப்பு. கீழே அவள் எழுதிய வரிகள், ஒரு சொல் மாறாமல். அதற்கும் கீழே அவளுடைய அன்றைய வேலைப் பட்டியல். அதில் ஒன்றுமே இல்லை.

அவள் வீட்டு வாசலில், கிளப்பாத வண்டிக்குள் இருந்தாள். கைபேசி அடித்தது. பழைய கம்பெனியில் அவளோடு வேலை பார்த்த ரெய்யோ. குவோபியோ நகரில் இருபத்தாறு வீட்டுக் கட்டடத்தில் நிற்கிறானாம், பன்னிரண்டுக்குக் கம்பி நிற்கிறதாம். அறிவிப்போடு கொடுத்த கடவுச்சொல் திறக்கிறது, ஆனால் பெட்டி பழைய மாடல், பக்கம் வேறு மாதிரி இருக்கிறது, அறிவிப்பில் சொன்னது எதுவும் அதில் கண்ணில் படவில்லை என்றான்.

மெர்வி கண்ணை மூடி, அந்தப் பழைய பெட்டியின் பக்கத்தை நினைவுக்குக் கொண்டுவந்தாள். "இடது பக்கம் நாலாவது தலைப்பைத் திற. அதுக்குள்ள கடைசி வரி. வந்துச்சா? ஒவ்வொண்ணா சொல்றேன், அவசரப்படாத."

முக்கால் மணி நேரம் ஆனது. முதல் வீட்டில் மையம் எடுத்துப் பேசியதும் அவன் நன்றி சொல்லி வைக்கப் பார்த்தான்.

"வைக்காத. எல்லா வீட்டுலயும் அழுத்தச் சொல்லு, நான் இருக்கேன்" என்றாள்.

அவன் படியேறி இறங்கும் சத்தம் கைபேசியில் கேட்டது. ஒவ்வொரு வீடும் பேசியதாக அவன் சொல்லச் சொல்ல, கண்ணாடியின் உட்பக்கம் படிந்த உறைபனியில் அவள் நகத்தால் ஒரு கோடு கிழித்தாள். இருபத்தாறாவது கோட்டுக்கு அப்புறம் செயலியை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தாள். பட்டியல் புதுப்பிக்கப்பட்டது என்று காட்டியது, காலியாகவே.