புது கிளிப்

வெர்லின் ஸ்டாஃபரின் ப்யூயிக் கார் 1956-ஆம் வருடத்து வண்டி. வெளிர்நீல நிறம்; கூரையைப் பின்னால் மடித்துவிடலாம். இன்ஷூரன்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், பக்கத்து மாநிலமான இண்டியானாவில் ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழி எச்சத்துக்கு அடியில் கிடந்ததை வாங்கி ஏற்றிவந்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. துடைப்பதும் மெருகு போடுவதும் அவர் பாடு. என்ஜினில் கை வைப்பது ஓரின் டெட்வைலர் பாடு.

ஓரின் எங்கள் ஒஹாயோ சிற்றூரின் பழைய கார் சங்கத்தில் மூத்தவர். தானியக் கிடங்கில் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவருடைய ஃபோர்டு பிக்கப் டிரக்கில் பெயிண்ட் உரிந்து தொங்கும். ஆனால் கொட்டும் பனியிலும் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். சனிக்கிழமை காலையில் டோனட் கடை வாசலில் எல்லோரும் வண்டிகளை நிறுத்திவிட்டுக் காபி குடிப்பார்கள்.

"வெர்லின், உன் வண்டியில முகம் பார்த்து சவரம் பண்ணிக்கலாம்யா. என்ன, பக்கத்து ஊருக்குத்தான் போய்ச்சேர முடியாது" என்பார் ஓரின்.

"உன் வண்டியில ஏறணும்னா முதல்ல தடுப்பூசி போட்டுக்கணும்" என்பார் வெர்லின்.

அந்த ஆண்டு ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்துக்கு மிஸ் ஆட்டிலி தலைமை தாங்குவதாக முடிவாயிற்று. ஊரில் பாதிப் பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர் அவர். வயது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. வெர்லினுடைய ப்யூயிக்கின் பின்சீட்டில் உட்கார்ந்து வர ஒப்புக்கொண்டார். வெர்லினுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓரின் இரண்டு நாள் குனிந்து நின்று தண்ணீர் பம்ப்பையும் ரேடியேட்டர் குழாயையும் மாற்றிக் கொடுத்தார்.

"நல்லா ஓட்டிப் பார்த்துட்டேன். ஒரு சொட்டு கசியல. இனிமே பானெட்டைத் திறக்காதே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊர்வலம் நீதிமன்றத்தைத் தாண்டும்போது ப்யூயிக் சீறியது. பானெட்டின் இடுக்கெல்லாம் வெள்ளை ஆவி. ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீர் தெருவில் ஓடி, பின்னால் வந்த பள்ளி வாத்தியக் குழுவின் வெள்ளை ஷூக்களை நனைத்தது. எக்காளம் பாதியில் நின்றது.

"நாலாம் வகுப்புலயும் நீ இப்படித்தான் வெர்லின். பாதிக் கணக்குல நின்னுடுவே" என்றார் மிஸ் ஆட்டிலி, ஊருக்கே கேட்கும்படி. இரண்டு பக்கமும் மடக்கு நாற்காலிகளில் இருந்த கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. நான்கு பேர் சேர்ந்து டீச்சரை இறக்கி, வாத்தியக் குழுவுக்குப் பின்னால் வந்த ஓரினுடைய பிக்கப்பில் ஏற்றினார்கள். கைதட்டல் வேறு.

ஓரின் ஓடிவந்தார். வெர்லின் பானெட்டைத் தூக்கினார். ஆவிக்குள் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. கழன்று தொங்கிய குழாய் மட்டும் தெரிந்தது.

"இதுதான் நீ பார்த்த லட்சணமா? குழாயை மாட்டிட்டு இறுக்கவே இல்லையே! கை நடுங்குதுன்னா, மறந்துபோகுதுன்னா, சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். ஓரின் குழாயைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

"இறுக்கினேன்னுதான் நெனச்சேன். மன்னிச்சுக்கப்பா" என்றார்.

மத்தியானம் என்ஜின் சூடு தணிந்ததும் வெர்லின் தன் கேரேஜில் குழாயைத் திரும்ப மாட்டப் போனார். குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் அதில் தளர்ந்து கிடந்தது; புத்தம் புதிதாக மின்னியது. ஓரின் போட்டது மங்கிய இரும்பு கிளிப். முதல் நாள் சாயங்காலம் மெருகு போடும்போது அது கண்ணை உறுத்தியதும், கழற்றிவிட்டுப் பளபளப்பான ஒன்றை மாட்டியதும், பாதி திருகும்போது விருந்தாளிகள் வந்துவிட்டார்கள் என்று மனைவி மார்லிஸ் கூப்பிட்டதும் வரிசையாக நினைவுக்கு வந்தன. கேரேஜில் வேறு யாரும் இல்லை. ஆனாலும் அவருக்கு முகம் காதுவரை எரிந்தது.

"ஓரினா இப்படிப் பண்ணிட்டார்?" என்று கேட்டாள் மார்லிஸ்.

"வயசாச்சுல்ல, பாவம்" என்றார் வெர்லின்.

சொன்ன வாயை அப்போதே தைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. நாளைக்குப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். நாளை போனது, வாரம் போனது. சனிக்கிழமைகளில் முதுகுவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டார். சொல்லாமல் கழிந்த ஒவ்வொரு நாளும் சொல்வதை இன்னும் கடினமாக்கியது.

மாதக் கடைசியில் மளிகைக் கடையில் ஓரினின் மனைவி லோர்னா அவரைப் பார்த்துச் சாமான் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். வெர்லின் கையில் சோளக் கதிர்கள், ஒளிய இடமில்லை.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன் வெர்லின். நீங்க சொன்னதாலதான் எங்களுக்கே உறைச்சுது. ஓரினோட அப்பாவுக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பிச்சுதாம். டாக்டர்கிட்ட காட்டியிருக்கோம், இன்னும் பரிசோதனை இருக்கு. பிக்கப் சாவியை அவரே என்கிட்ட கொடுத்துட்டார். இனிமே ஓட்டமாட்டாராம்."

வெர்லின் சோளத்தை அப்படியே போட்டுவிட்டு லோர்னாவின் காருக்குப் பின்னாலேயே போனார்.

ஓரின் கொட்டகையில் ஸ்பானர்களை அளவுவாரியாகப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்கோ கொடுக்கப்போகிறாராம். வெர்லின் உட்காராமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். லோர்னா பையை இறக்கி வைக்காமல் வாசலில் நின்று கேட்டார்.

ஓரின் கையிலிருந்த ஸ்பானரைப் பெட்டிக்கு வெளியே வைத்தார்.

"எப்போ தெரியும் உனக்கு?"

"அன்னிக்கு மத்தியானமே."

"மத்தியானமே" என்று ஓரின் திரும்பச் சொன்னார். "இறுக்கினது எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சுய்யா. திருப்புளி கையில அழுந்தினதுகூட ஞாபகம் இருந்துச்சு. அப்படி ஞாபகம் இருக்கிற மாதிரி தோணுறதே வியாதிதான்னு நெனச்சுட்டேன்."



"வீட்டுக்குப் போங்க வெர்லின்" என்றார் லோர்னா. குரல் உயரவில்லை.

சனிக்கிழமை டோனட் கடை வாசலில் வெர்லின் எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொன்னார்.  எதைச் சொன்னாலும் நக்கலடிக்கும் அந்தக் கூட்டத்தில் அன்று ஒருவரும் நக்கலடிக்கவில்லை. அவரவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. அடுத்த வாரம் ஓரின் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தபோது எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். வெர்லினும் கை தட்டினார், மற்றவர்களைவிட மெதுவாக.

இருவரும் பேசிக்கொள்ளாமல் இல்லை. மழை பற்றிப் பேசுவார்கள். கார் பற்றி மட்டும் பேச்சு வராது. இலையுதிர்காலத்தில் ப்யூயிக்கின் பிரேக்கில் சத்தம் வந்தபோது வெர்லின் ஓரினைக் கேட்கவில்லை. பழுது பார்க்கும் புத்தகம் ஒன்றை விரித்துவைத்து, வீட்டு முன் பாதையில் ஜாக்கிகளை வைத்துக் காரைத் தூக்கி நிறுத்திவிட்டுத் தானே அடியில் படுத்தார்.

தெருவில் ஒரு வண்டி மெதுவாகி நின்றது. சத்தத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. கூப்பிடலாமா என்று வெர்லின் நினைத்தார்.

"இடது பக்கத்து ஜாக்கி கோணலா நிக்குது" என்றது ஓரினின் குரல். "வெளியே வந்து சரிபண்ணிட்டுப் படு."

வெர்லின் நகர்ந்து வெளியே வருவதற்குள் பிக்கப் தெருமுனையில் திரும்பிவிட்டது. ஜாக்கி கோணலாகத்தான் நின்றது. அவர் முட்டிபோட்டு அதை நேராக்கினார். எண்ணெய்க் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் காருக்கடியில் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.