தலைக்கு மேலே ஒரு டிவி

அந்த ஹோட்டலில் ஆறு மேஜை, மூன்று டிவி. மேஜைக்குக் கால் ஆடுகிறது, கை கழுவும் இடத்தில் சோப்பு கிடையாது, ஆனால் டிவிக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஒன்றில் பந்தாட்டம். ஒன்றில் நாலு பேர் சத்தமே இல்லாமல் ஒருத்தர் மேல் ஒருத்தர் கத்திக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதில் ஒரு பெண்மணி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். தட்டில் மீனை வைத்துக்கொண்டு, எவளோ மீன் வறுப்பதை வாயைப் பிளந்து பார்ப்பதற்கும் நாலு ஜென்மம் உட்கார்ந்திருந்தது.

கட்டிங் மாஸ்டருக்கு உள்ளே நுழைந்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. தையல் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் துணி வெட்டுகிறவள். எண்பது மடிப்புத் துணியை அடுக்கி, கோடு பிசகாமல் ஒரே இழுப்பில் மெஷினை ஓட்டிவிடுவாள். வெட்டின துணியை ஒட்ட முடியாது என்பதால் எதையும் நாலு தடவை அளந்து பார்த்துத்தான் செய்வாள். இன்றைக்கு வந்ததும் அப்படி அளந்து பார்த்துத்தான்.

கம்பெனி ஆறு மணி நேரப் பயணத்தில் புது யூனிட் திறக்கிறது. கட்டிங் பகுதி முழுக்க அவள் பொறுப்பு, ரெண்டு வருஷம் அங்கேயே தங்க வேண்டும், நாளைக் காலைக்குள் பதில் சொல் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். போக ஆசைதான். ஆனால் புருஷன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன்' என்று சொல்லிவிட்டால் அந்த ஆசையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடத் தயாராகத்தான் இருந்தாள். அதுகூட வேண்டாம், சண்டையாவது போடட்டும். அவன் என்னென்ன கேட்பான், தான் என்னென்ன சொல்லலாம் என்று மூன்று நாளாக மனசுக்குள் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

வீட்டில் பேச முடியாது. காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் டிவியைப் போட்டால், தூங்கும்போதுதான் அதற்கு விடுதலை. மகளை ஹாஸ்டலில் விட்ட பிறகு அந்த வீட்டில் வாய் திறந்து பேசுகிற ஒரே ஜீவன் அதுதான். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே சாப்பிடலாம் என்று மனுஷனை இழுத்துக்கொண்டு வந்தாள். வந்த இடத்தில் மூன்று. தலையெழுத்து.

சுற்றிப் பார்த்து, பந்தாட்டத்துக்கு முதுகு காட்டுகிற நாற்காலியில் அவனை உட்கார வைத்தாள். எதிரே தான் உட்கார்ந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கண் இமைக்காமல், முகத்தில் ஒரு சிரிப்போடு. கல்யாணமான புதுசில்கூட இப்படிப் பார்த்ததில்லை. அவளுக்கு வெட்கமாகிவிட்டது, தானாகக் கை போய்த் தலைமுடியைச் சரிசெய்தது. அப்புறம்தான் அவன் பார்வை தன் நெற்றிக்கு ஒரு சாண் மேலே போவது தெரிந்தது. திரும்பினால், மீன்காரி அவள் தலைக்கு நேர் மேலே எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். சீ.

எழுந்து நேராக முதலாளியிடம் போனாள்.

"அண்ணே, அந்த டிவியைக் கொஞ்ச நேரம் அணைக்க முடியுமா?"

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அணைச்சா கஸ்டமர் எதைம்மா பார்ப்பாங்க?"

"எதிர்ல இருக்கிறவங்களைப் பார்க்கட்டும்."

"அதெல்லாம் முன்னாடி பார்த்துக்கிட்டுதான் இருந்தாங்க. வாரத்துக்கு ரெண்டு சண்டை. ஒரு அம்மா குழம்போட கிண்ணத்தை வீட்டுக்காரர் தலையில கவுத்துடுச்சு. டிவி வச்சதுலேர்ந்து ஒரு தட்டு உடையல. நிம்மதியா சாப்பிட்டுட்டுப் போறாங்க."

நிம்மதியாம். பக்கத்து மேஜையைப் பார்த்தாள். அம்மாக்காரி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் குழந்தைக்கு ஊட்டினாள், ஸ்பூன் கன்னத்தில் இடித்தது. குழந்தையும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது, அதனால் அழவில்லை. அப்பன்காரன் தண்ணீர் என்று நினைத்து ரசக் கிண்ணத்தை எடுத்துக் குடித்தான், குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்தான். இதுகளுக்கெல்லாம் சமைக்கிறவன் உப்பு பார்த்துப் போடுகிறான் பார், அவனைச் சொல்லணும்.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சாப்பாடு வந்திருந்தது. அவன் கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். சரி, டிவியாவது ஒன்றாவது, சொல்லிவிடுவோம் என்று ஆரம்பித்தாள்.

"ஏங்க, கம்பெனியில புது யூனிட் திறக்கிறாங்க. என்னைப் போகச் சொல்றாங்க."

"ம்."

"ரெண்டு வருஷம். அங்கயே தங்கணும்."

"ம்."

"நாளைக்குள்ள பதில் சொல்லணும். நான் என்ன சொல்லட்டும்?"

"ம்."

இவன் லிஃப்ட் மெக்கானிக். ஏழாவது மாடியில் கம்பி லேசாக முனகினால் தரையில் நின்றே கண்டுபிடிக்கிற காது. அந்தக் காதுக்குள் பெண்டாட்டி பேச்சு மட்டும் ஏறாது. எவளோ ஒருத்தி வெங்காயம் நறுக்குவது ஏறும். எழுந்து அந்த டிவியைச் சுவரோடு பெயர்த்துக் குப்பையில் போட்டால் என்ன என்று கை துறுதுறுத்தது.

அந்த நேரம் பார்த்து மூன்று டிவியும் ஒரேயடியாக நீலமாகிவிட்டது. கேபிள் போய்விட்டதாம். ஹோட்டலே திருதிருவென்று முழித்தது. பக்கத்து மேஜைக்காரன் ரசக் கிண்ணத்தை முதல் தடவையாகப் பார்த்தான். முதலாளி கேபிள்காரனுக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இப்போது தப்பிக்க வழியில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்பவாவது கேளுங்க. நான் என்ன சொன்னேன்னா..."

"புது யூனிட். ரெண்டு வருஷம், அங்கயே தங்கணும், நாளைக்குள்ள பதில் சொல்லணும்." அவன் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "அதான் கேட்டேனே."

"கேட்டுச்சா?"

"எதிர்ல உட்கார்ந்து சொன்னா கேட்காதா? எனக்கென்ன காது செவிடா?"

"அப்புறம் ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"சொன்னேனே, ம்னு." நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தான். இந்தத் தடவை முகத்தைத்தான் பார்த்தான். "போகணும்னா போ. வீட்டுச் சாவி ரெண்டு இருக்கு இல்ல?"

மூன்று நாள் ஒத்திகை பார்த்த பதில்களில் சாவிக்குப் பதில் ஒன்றுகூட இல்லை. இத்தனை வருஷமாக அந்த டிவிப் பெட்டியைத் திட்டித் தீர்த்திருக்கிறாள். அது இல்லாவிட்டால் மனுஷன் பேசுவான், கேட்பான், பார்ப்பான் என்று நம்பியும் இருந்திருக்கிறாள். தட்டைத் தள்ளி வைத்தாள். வருவது அழுகை என்றுதான் முதலில் நினைத்தாள். இல்லை, அருவருப்பு.

அவன் நீலத் திரையை அண்ணாந்து பார்த்து, "எப்ப வருமாம்? கேளேன்" என்றான்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். வருகிறேன் என்று மேனேஜருக்கு அனுப்பினாள். கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு வரியும் அனுப்பினாள். இரண்டு வருஷத்தை மூன்றாக ஆக்கித் தர முடியுமா, சார்?