ஐம்பத்தெட்டு பவுண்டு மீனும் அதன் பாட்டும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதையே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாஸ் என்ற பெரிய கடல்மீனைப் பிடிப்பதைப் பற்றி எழுதப்பட்ட பாட்டுகளைக் குறித்து ஒரு கட்டுரை. மாசசூசெட்ஸ் கரையில் குடியேறி எனக்கு இருபது வருடமாகிறது. இங்கே தூண்டில் பிடித்த கனவான்கள் பேனாவையும் விட்டுவைக்கவில்லை. நான் புரட்டிய பாட்டுகளில் பாறை உண்டு, அலை உண்டு, மீன் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே 'நான்' உண்டு. பக்கத்தில் நின்று சிங்கி இறாலை உடைத்து, மீனை இழுக்கக் கடலில் இரை வீசியவனை மட்டும் காணோம். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. கட்டுரையைத் தூக்கிப் போட்டேன்.

2

1874, செப்டம்பர். கடல் அன்று...

(கடலில் தொடங்கினால் நானும் கனவானாகிவிடுவேன். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

ஜேபஸ் டில்டன் ஒரு தீவு மீன்பிடிச் சங்கத்தில் இரை வீசுகிறவன்.* எஜமானர் லேத்ராப் தூண்டிலை அவனிடம் கொடுத்துவிட்டுக் காலை உணவுக்குப் போயிருந்தபோது மீன் மாட்டியது. பாறைமேல் கட்டிய லேத்ராப்பின் மேடையில் முக்கால் மணி நேரம் தனியாக மல்லுக்கட்டி அதைக் கரையேற்றினான். ஐம்பத்தெட்டு பவுண்டு, அந்தப் பருவத்திலேயே பெரியது. மேடை யாருடையதோ மீனும் அவருடையது என்பது சங்கத்தின் விதி. பெரிய மீனுக்கு உரியவர் பருவத்தின் கடைசி விருந்தில் அதைப் பற்றிப் பாட்டு வாசிக்க வேண்டும் என்பது இன்னொரு விதி. லேத்ராப்புக்குப் பாட்டு வராது. ஜேபஸுக்கு வரும். "ஒண்ணு எழுதிக் குடுத்துடு" என்றார் அவர்.

* சங்கம், ஆட்கள், விதிகள் எல்லாம் என் கற்பனை. கோபம் மட்டும் நிஜம்.

3

"மீனப் புடிச்சது நீ, பாட்டுக் கட்டறதும் நீ. அந்த மனுஷன் என்னதான்யா பண்ணாரு?" என்றாள் ஜேபஸின் மனைவி கெஸையா.

"முட்டை தின்னாரு."

"அப்ப அதையும் எழுது."

"எழுதினா அடுத்த வருஷம் வேலை இருக்காதுடி."

"எழுதாட்டி அதுல நீயே இருக்கமாட்டியே."

அவனுக்குச் சுருக்கென்றது. மூன்றாம் சரணத்தில், தூண்டிலைப் பிடித்தவன் ஜேபஸ் டில்டன் என்று பேரோடு எழுதினான். பார்க்க அவனுக்கே கூச்சமாக இருந்தது. அதை அடித்துவிடத் தோன்றுவதற்குள் தாளை மடித்து லேத்ராப்பிடம் கொடுத்துவிட்டான்.

(கெஸையா இத்தனை துணிச்சலாகப் பேசுவாளா? முந்தைய வரைவில் அழுதாள். பொய்யாகத் தெரிந்தது.)

4

கடைசி விருந்து, பகல் நேரம். லேத்ராப் அதுவரை தாளைப் பிரித்தே பார்க்கவில்லை. மூன்றாம் சரணம் வந்ததும் அவர் முகம் வெளுத்து, தாளைக் கிழித்து...

அப்படித்தான் திட்டமிட்டிருந்தேன். அவர் கிழிக்கவில்லை. கொஞ்சம் திணறினார், பிறகு உரக்க வாசித்தார். சங்கத்துக் கனவான்கள் மேசையே அதிரச் சிரித்தார்கள்.

"இரை வீசறவன் புடிச்சானாம்யா ஐம்பத்தெட்டு பவுண்டு! லேத்ராப், உமக்குள்ள இத்தனை குறும்பு இருக்கா, ஓய்?"

"ஏதோ நமக்கு வந்தது" என்றார் லேத்ராப், அடக்கமாக.

பரிமாறுவதற்காகக் கதவுக்கு வெளியே தட்டுகளோடு நின்ற ஜேபஸ் எல்லாவற்றையும் கேட்டான். பாட்டில் சொன்னதாலேயே நிஜம் வேடிக்கையாகிவிட்டது. எனக்கு வயிறு எரிகிறது.

5

இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில், தட்டுகளை வைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். வேலை தப்பியது. கெஸையா கேட்டால் என்ன சொல்வது என்று...

இன்னொன்றில் உள்ளே போகிறான். "ஐயா, அது நெசந்தான். நான்தான் புடிச்சேன்." அவர்கள் இன்னும் பலமாகச் சிரிக்கிறார்கள். நாலு முறை மாற்றி எழுதினேன், நாலு முறையும் சிரித்தார்கள். நான் உட்காரவைத்த ஆட்கள் அப்படி.

சிரிக்காத ஒருவரை அந்த மேசையில் உண்டாக்க எனக்கு வக்கில்லை. ஒரு நாற்காலியை உங்களுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன். ஜேபஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வருகிறான்.

சீக்கிரம் உட்காருங்கள்.