கவுன் ஓரத்தில் ஒரு முடி

பாரீஸ் கடைகளில் பையில்லாத கவுன் தொங்குவதைப் பார்த்தால் ஒதீலுக்கு இன்றும் மதாம் கெர்வேலின் குரல் காதில் விழும். "கையை எங்க வைக்கிறதுன்னு தெரியாமத்தான்டி பொம்பளைங்க கண்டவன் கையையும் பிடிக்கிறாங்க."

1950-களில், விருந்துக் கவுனில் பை வைத்துத் தைத்ததற்காக மதாமைப் பத்திரிகைகள் ஏசின. பிறகு அதே பத்திரிகைகள் புரட்சிக்காரி என்றன. மதாம் இரண்டையுமே கத்தரித்துத் துணி வெட்டும் அளவுத்தாளாக்கிவிட்டார். ஒதீல் அவரிடம் தைத்த நாட்களில் மதாமுக்கு அறுபது வயது. கல்யாணம் ஆகவில்லை. கை எப்போதும் பையில்.

இஸ்திரி ஆவியும் காப்பி மணமும் கலந்த மதாமின் தையல்கூடத்தில் ஒதீலுக்கு இருபத்தைந்து முடிந்தது. புனித கத்தரீன் நாளில், வழக்கப்படி, பச்சையும் மஞ்சளுமாக ஒரு தொப்பியை அவள் தலையில் கவிழ்த்துத் தெருவில் ஊர்வலம் விட்டார்கள். இருபத்தைந்திலும் கல்யாணம் ஆகாதவளுக்கு ஊர் சூட்டும் கிரீடம் அது. கிளி மாதிரி இருந்தாள்.

"அடுத்த கல்யாணக் கவுன் ஓர மடிப்புல உன் முடி ஒண்ணை வச்சுத் தைச்சிரு. வருஷத்துக்குள்ள மாப்பிள்ளை வந்திருவான்," என்றாள் பக்கத்து நாற்காலி நினெத்.

"நீ தைச்சியா?"

"நாலு தடவை. அவனுக்கு வழி தெரியல போல."

ஒதீல் தைத்துவிட்டாள். ஒன்றைத்தான் யோசிக்கவில்லை. கவுன் பனிவெள்ளை, உள்ளே வைத்தது வெளியே தெரியும் மெல்லிய துணி. அவள் முடியோ செம்பட்டை.

கடைசி அளவு பார்க்கும்போது மணப்பெண்ணின் அம்மா மூக்குக்கண்ணாடியோடு குனிந்தார். "என்ன இது, முடியா?"

கவுனில் காப்பி சிந்திய ஒருத்தி போன மாதம்தான் வேலையை இழந்திருந்தாள். ஒதீலுக்கு மாப்பிள்ளை ஆசை பறந்துவிட்டது. வேலை மிஞ்சினால் போதும் என்றிருந்தது.

மதாம் குனிந்து பார்த்தார். தன் தும்பைப்பூத் தலையைத் தடவிக்கொண்டார். "என்னோடதுதான்."

அந்த அம்மாள் வெள்ளைத் தலையைப் பார்த்தார். செம்பட்டை முடியைப் பார்த்தார்.

"சின்ன வயசுல உதிர்ந்தது," என்றார் மதாம், முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாமல்.

அவர்கள் போனதும் ஒதீல் வாய் திறக்குமுன் மதாம் ஆரம்பித்தார். "வேண்டுதல் உன் சொந்த விஷயம், அதுல நான் தலையிடல. ஆனா முடியைத் தைச்சா அதுவும் நூல்தான். துணிக்குச் சேராத நூலை எவளாவது எடுப்பாளா?" தன் தலையிலிருந்து வெடுக்கென ஒன்றைப் பிடுங்கி நீட்டினார். "பிரிச்சிட்டு இதை வச்சுத் தை. வெளியில தெரியாது."

அந்த வருஷம் ஒதீலுக்கு மாப்பிள்ளை வரவில்லை. மதாமுக்கு வந்தார். கிரனோபிள்காரர், மனைவியை இழந்தவர், கையுறை வியாபாரம். தையல்கூடம் ஊசி குத்தினாலும் உணராமல் உட்கார்ந்திருந்தது.

கல்யாண உடுப்பை மதாம் ஒதீலிடம்தான் கொடுத்தார். வெட்டிய துணியில் பை ஒன்றுதான் இருந்தது.

"இன்னொரு பை, மதாம்?"

"ஒண்ணு போதும். மிச்சக் கையை அவர் பிடிச்சுக்கட்டும்."

துணி செம்பு நிறம். அறுபதைத் தாண்டியும் இந்த நிறமா என்று நினெத் முணுமுணுத்தாள். மதாமுக்குப் பாம்புச் செவி.

"வேற எந்தக் கலரை எடுக்கிறது?" என்றார், ஒதீலின் தலையைப் பார்த்தபடி. "மடிப்புல இவ முடி தெரியக் கூடாதுல்ல."