முட்டைக்கோஸ் கேட்ட பேட்டரி

எங்கள் வீட்டு சோலார் பேட்டரி, என் மனைவி பொகுமிவா பிகோஸ் என்ற முட்டைக்கோஸ்-இறைச்சிக் குழம்பு சமைக்கும் நாட்களில் மட்டும் சார்ஜ் ஏறியது.

நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். திங்கள், பிகோஸ்: நான்கு சதவீதம் ஏறியது. செவ்வாய், ஊறுகாய் மீன்: ஒன்றுமில்லை. புதன், உருளைக்கிழங்கு அடை: ஒன்றுமில்லை. வியாழன், மறுபடி பிகோஸ்: ஐந்து. ஒரு கிண்ணம் ஆறிய முட்டைக்கோஸை அதன் முன்னால் வைத்துக்கூடப் பார்த்தேன். அசையவில்லை.

கூரைமேல் குறை இல்லை. சோலார் பலகைகளில் விழும் பனியைத் தினமும் காலையில் நீளத் துடைப்பத்தால் தள்ளிவிடுவேன். அவற்றுக்கு வேண்டியது வெளிச்சம்தான், வெப்பம் அல்ல. குளிரில் இன்னும் நன்றாகவே உழைக்கும். பகலெல்லாம் மின்சாரம் தாராளமாக வந்தது. பேட்டரிதான் வாங்க மறுத்தது. ஆனால் இருட்டிய பிறகு கேட்டால் மறுக்காமல் கொடுத்தது.

"எங்கண்ணனுக்கு நேரெதிர்," என்றாள் பொகுமிவா.

சிக்கல் குளியல் தொட்டியில் இருந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்காக எங்கள் ஊரில் எல்லோரையும்போல் ஒரு கெண்டையை உயிரோடு வாங்கித் தொட்டியில் விட்டோம். மூன்றாம் நாள் பொகுமிவா அதற்குக் கயேதான் என்று பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்த பின் யார் கத்தியை எடுப்பது? கொண்டுபோய் விடலாமென்றால் ஏரி ஏப்ரலில்தான் உருகும். அதுவரை தொட்டியில் காற்று பம்பு ஓடியாக வேண்டும். உறைமழையில் மின்கம்பி அறுந்து ஒன்பது நாளாகிவிட்டது. பகலில் பலகைகள் பம்பை ஓட்டின, இரவில் பேட்டரி. அதில் மிச்சம் பதினொரு சதவீதம். இரண்டு இரவு தாங்கும்.

"கயேதான் செத்தான்னா நீதான் அவனை வறுத்துத் திங்கணும், விதோல்ட். நான் எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன்," என்றாள்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் பாதிரியார் வந்தார். ஜனவரியில் வீடு வீடாக வந்து மந்திரிப்பது வழக்கம். கை கழுவப் போனவர் தொட்டியை வெகுநேரம் பார்த்தார்.

"இவரும் நம்ம கோயில் பங்குதானா?"

"இன்னும் ஞானஸ்நானம் ஆகல ஃபாதர். தண்ணியில இருக்கறது மட்டும்தான்," என்றேன்.

பேட்டரியையும் மந்திரிக்கச் சொன்னேன். அது வடக்குப் பக்க சாமான் அறையில், தொங்கும் தொத்திறைச்சிக்குக் கீழே இருந்தது. அங்கே வைத்தது நான்தான். கெடக்கூடாத எதையும் நாங்கள் அந்தக் குளிரில்தான் வைப்போம். மின்சாரமும் அப்படித்தான் என்று நினைத்தேன். பேட்டரிக்கென்று ஜெபம் இல்லை என்பதால், தேனீக்களுக்கு உள்ளதைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். துளிகள் வழியவில்லை. பெட்டியின் மேல் மணிமணியாக நின்றன. பாதிரியார் ஒன்றை நகத்தால் சுரண்டினார்.

"உறைஞ்சுபோச்சே, விதோல்ட்."

அப்போது பொகுமிவா பிகோஸ் பானையோடு வந்தாள். அது மூன்று நாள் வேகும்; திங்களோடு ஒரு பானை முடிந்து, இது வியாழனன்று தொடங்கியது. ஒவ்வொரு நாளும் கொதித்ததும் இங்கே ஆற வைப்பாள். பேட்டரியின் தட்டையான தலை அதற்கு வாகான உயரம். பானையை வைத்தாள். தீர்த்தம் உருகி வழிந்தது. முக்கால் மணி நேரத்தில் சார்ஜ் விளக்கு எரிந்தது. பாதிரியார் சிலுவை போட்டுக்கொண்டார். நான் பெட்டியோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்தேன்.

விஷயம் இதுதான். இந்த வகை பேட்டரி பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது மின்சாரத்தை உள்ளே திணித்தால், மின்முனைக்குள் புக வேண்டிய லித்தியம் புக முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். பேட்டரி பாழாகும். அதனால் உள்ளே ஒரு காவல் மின்சுற்று குளிரை அளந்து, உள்வழியை மட்டும் அடைக்கிறது; வெளிவழியை அடைப்பதில்லை. முட்டைக்கோஸுக்கு இதில் பங்கில்லை. வேலை செய்தது பானையின் சூடு.

சுவிட்சை அணைத்து, இணைப்புகளைக் கழற்றி, மூவருமாகப் பெட்டியைக் கூடத்துக்கு நகர்த்தினோம். விறகு அடுப்புக்கு எதிர்ச்சுவர், பதினேழு டிகிரி. இருட்டுவதற்குள் கம்பியை நீட்டித் திரும்ப இணைத்தேன். அறுபது கிலோ கனம், மையம்வரை சூடேற இரவு முழுக்க ஆனது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு அறுபத்து நான்கு சதவீதம். அன்று மதியம் நாங்கள் சாப்பிட்டது ஊறுகாய் மீன். பேட்டரியைப் பூஜ்யத்துக்கு மேல் வைத்தால் போதும், பிகோஸ் வேண்டாம்.