பண்ணையார் வேஷம்

ராயபுரம் டோரதிக்குக் குரல் பெரிது. சர்ச்சில் மைக் இல்லாமல் பாடுவாள். திருவொற்றியூர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அத்தனை தையல் மெஷினும் ஓடும்போதும் அவள் சிரிப்பு தனியாகக் கேட்கும். மகளிர் தினத்துக்கு ஒரு நாடகம் போடலாம் என்று கம்பெனிப் பெண்களின் தொழிலாளர் சங்கத்தில் முடிவானதும், சங்கத்தை நடத்தும் இஷ்ரத் யோசிக்கவே இல்லை. பண்ணையார் வேஷத்தை டோரதிக்குக் கொடுத்துவிட்டாள். பண்ணையாரிடம் மாட்டிக்கொள்ளும் கூலிக்காரி வேஷம், டோரதிக்குப் பக்கத்து மெஷினில் காலர் தைக்கும் வியாசர்பாடி பூவம்மாவுக்கு.

கதை சின்னதுதான். செருப்புப் போட்டுக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்துவிட்ட சேரிப் பெண்ணைப் பண்ணையார் நிறுத்துகிறார். செருப்பைத் தலையில் சுமந்துகொண்டு தெருவைத் தாண்டச் சொல்கிறார். "எட்டி நில்லு! உங்க ஆம்பளையே செருப்பக் கையில தூக்கினு போறான். பொட்டச்சிக்குக் காலுல கேக்குதா?" என்பது வசனம்.

உட்கார்ந்து வசனம் படித்தவரை டோரதி வேடிக்கையாகத்தான் பேசினாள். ஒத்திகையில் பூவம்மா குனிந்து எதிரே வந்து நின்றபோது நிலைமை மாறியது. 'எட்டி நில்லு' என்று வாய் திறந்ததும், வந்தது பண்ணையார் குரல் இல்லை. டோரதியின் அம்மா குரல். பின்பக்கத்துச் சாக்கடை அள்ள வந்த பெண்ணுக்கு உயரத்திலிருந்து கையில் தண்ணீர் ஊற்றும்போது அம்மா சொன்னது அதே வார்த்தை, அதே ராகம். டோரதி அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, "எப்பவோ நடந்தது, அத இன்னாத்துக்கு இப்ப கிளறிகினு? காமெடியா எதுனா போடலாமே" என்றாள்.

டோரதி பூவம்மாவின் கையைப் பிடித்தாள். "மன்னிச்சுடு பூவம்மா. எங்கம்மா கூட இப்டிதான்..."

"ஐய, கைய வுடு மே" என்றாள் பூவம்மா. "நீ அயுதா நா உன்ன சமாதானம் பண்ணணும். அப்பால நா யார்கிட்ட போயி அயுவுறது? எயிந்து நின்னு நல்லா திட்டு. நீ நைசா திட்னா, நைசாதான் நடந்துச்சின்னு பாக்குறவங்க நெனச்சிக்குவாங்க."

டோரதி மறுபடி முயன்றாள். குரல் ஜெபம் சொல்வதுபோல இறங்கிப் போனது. பூவம்மா வந்து அவள் தோளிலிருந்த பண்ணையார் துண்டை உருவிக்கொண்டாள்.

"நீ என் வேஷத்த கட்டு. எனக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். எங்கப்பா அவுரு ஊரு பண்ணையாரு மாதிரி பேசிக் காட்டுவாரு. நாங்க வுயுந்து வுயுந்து சிரிப்போம். குடிச்சிட்டு வந்தா, அதே பேச்சுல எங்கம்மாவ திட்டுவாரு."

இஷ்ரத் மெதுவாக, "சரிக்கா, மாத்திக்கலாம்" என்றாள்.

மகளிர் தினத்தன்று சங்கக் கூடம் நிரம்பிவிட்டது. கண் மையால் வரைந்த மீசையோடு பூவம்மா மேடையேறினாள். விசில் பறந்தது. அவள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஒரு சுற்று நடந்தாள். பிறகு வசனத்தை ஆரம்பித்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. டோரதி செருப்பைக் கழற்றித் தலையில் வைத்தாள். கனமே இல்லை. ஆனால் செருப்பு விழாமலிருக்கக் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. திரும்பி யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. வகிட்டில் மண் உதிர்ந்தது. "போதும், நிறுத்துங்க!" என்று கூட்டத்தில் ஒரு பெண் கத்தினாள். பூவம்மா நிறுத்தவில்லை. ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்தாள்.

கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது.

திரைக்குப் பின்னால் போனதும் அழுகை வரும் என்று நினைத்தாள் டோரதி. வரவில்லை, கோபம் வந்தது. பண்ணையார் மேல், அம்மா மேல். அம்மா மேல் இருந்த ஆசையும் அப்படியே இருந்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

"எப்டி பேசினேன்?" என்று கேட்டாள் பூவம்மா. அவள் முகம் பளபளவென்றிருந்தது.

"எனக்கு நெசமாவே பயம் வந்துட்ச்சி."

"வரணும் மே. எனக்கு இன்னிக்கிதான் எங்கப்பா வாயில வந்த அந்தப் பண்ணையாரு மேல இருந்த பயம் போச்சி" என்று சொல்லி, பூவம்மா பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தாள். டோரதி பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நல்ல பசி. அதற்குள் கட்டிங் செக்‌ஷன் பெண்கள் வந்து, எங்க சூப்பர்வைசரையும் ஒரு தடவை இப்படித் திட்டிக் காட்டு என்று பூவம்மாவை மொய்த்துக்கொண்டார்கள். அவள் வாய் நிறையச் சோற்றோடு திட்டினாள். கூடமே சிரித்தது, டோரதியின் சிரிப்புதான் அதில் உரக்கக் கேட்டது.