ரோனா போட்ட ஹீட்டர் மனு

நவம்பர் கடைசியில் ரோனா கெடஸின் வீட்டுக்கு அரசாங்கத்தின் துண்டுப் பிரசுரம் ஒன்று தபாலில் வந்தது. குளிர்காலத்தைச் சமாளிக்க எட்டு யோசனைகள். மூன்றாவது யோசனை, மணிக்கொரு தரம் எழுந்து நடமாட வேண்டுமாம். பன்னிரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலியில் இருக்கிற ரோனா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு பக்கத்து வீட்டு ஆர்ச்சி லாஃபர்ட்டியைப் போனில் கூப்பிட்டாள்.

"ஆர்ச்சி, நான் எந்திரிச்சு நடக்கணுமாம். வந்து பாரு."

"பார்த்துட்டேன் கண்ணு. எனக்கும்தான் வந்துச்சு. நான் நொண்டியடிச்சா போதுமான்னு கேட்டு எழுதலாம்னு இருக்கேன்."

ஆர்ச்சிக்குச் சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஸ்காட்லாந்தின் கிரீனக் துறைமுகத்தில் முப்பது வருஷம் பாரம் தூக்கிய ஆள். ரோனாவுக்கோ நரம்பு நோய். குளிர் ஏறினால் கால் தசைகள் கயிறு போல் முறுக்கிக்கொள்ளும், கை டீக் கோப்பையைப் பிடிக்காது. அறை எந்நேரமும் சூடாக இருந்தாக வேண்டும். வயதானவர்களுக்கும், உடல் குறையுள்ள குழந்தைகளுக்கும் வீட்டைச் சூடாக்க அரசாங்கம் தரும் குளிர்கால வெப்பப் படி உண்டு. ரோனாவுக்கு வயது நாற்பத்து நான்கு, ஆர்ச்சிக்கு ஐம்பத்தைந்து. அந்த வயதுக்காரர்களுக்குக் குளிரே தெரியாது என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள்.

இடைப்பட்ட வயதுக்காரர்களுக்கும் படி வேண்டும் என்று அன்றே அவள் மனு எழுதினாள். டிசம்பர் முழுக்க நூலக வாசலிலும் மருந்துக்கடை வாசலிலும் இருவரும் கையெழுத்து வாங்கினார்கள். க்ளைடு ஆற்றுக் காற்றில் காகிதம் பறக்காமல் ஆர்ச்சி தன் ஊன்றுகோலால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். நாலாயிரத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர் கார்ஸ்டேர்ஸ் ஜனவரி பதினெட்டாம் தேதி காலையில் வரச் சொன்னார்.

அலுவலகம் இரண்டாவது மாடியில். லிஃப்ட்டில் "பழுது" என்று அட்டை தொங்கியது. கீழே வந்து எட்டிப் பார்த்த உதவியாளர் பெண் நெளிந்தாள்.

"மன்னிச்சுக்குங்க. வேற ஒரு நாள் வச்சுக்கலாமா? இல்லன்னா ஃபோன்ல பேசிடலாமே?"

"ஆறு வாரம் அலைஞ்சு வாங்கின நேரம்மா இது," என்றாள் ரோனா. "என்னை மேலே கொண்டுபோக முடியலன்னா அவரைக் கீழே கொண்டு வாங்க. அவருக்குக் கால் ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

கார்ஸ்டேர்ஸ் இறங்கி வந்தார். மேலே கதகதப்பான அறையில் இருந்தவர், கோட்டு இல்லாமல் சட்டையோடு வந்துவிட்டார். மாடிப்படிக்கு அடியில் நாற்காலி திரும்பக்கூட இடமில்லை. நடைபாதையில்தான் பேசவேண்டியிருந்தது. பனியும் மழையும் கலந்து சாய்வாக அடித்தது.

ரோனா மனுவை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். அவர் கைகளை அக்குளில் செருகிக்கொண்டார். நாலாவது பக்கத்தில் அவருடைய பற்கள் தந்தியடித்தன.

"ரோனா, மீதியை நான் மேலே போய்ப் படிச்சுக்கிறேனே. இங்கே நிக்கவே முடியல."

"பத்து நிமிஷம்தான் ஆச்சு சார். நாங்க அக்டோபர்லேர்ந்து இப்படித்தான் இருக்கோம்."

"வேணும்னா மணிக்கொரு தரம் நடமாடிக்குங்க," என்றான் ஆர்ச்சி.

அவருக்கு முகம் சிவந்தது. ஆனாலும் போகவில்லை. கடைசிப் பக்கம் வரை நின்று கேட்டார். ரோனாவின் கால் துடிக்க ஆரம்பித்ததையும், அவள் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டே வாசித்ததையும் பார்த்தார். உதவியாளரை அனுப்பித் தன் கோட்டை வரவழைத்து அவள் மடியில் போர்த்தினார். அதற்கு நன்றி சொல்லவேண்டுமே என்று ரோனாவுக்கு எரிச்சலாக வந்தது. சொன்னாள்.

எடின்பரோ பாராளுமன்றத்தில் மனுக் கமிட்டி கூடி ரோனாவைக் கூப்பிட்டபோது ஜூன் மாதம். ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது, உறுப்பினர்கள் விசிறிக்கொண்டிருந்தார்கள். குளிரைப் பற்றிப் பேச அவளுக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். கார்ஸ்டேர்ஸ் எழுந்து தன் நேரத்தையும் அவளுக்கே விட்டுக்கொடுத்தார்.

செப்டம்பரில் இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் அரசாங்கத்தின் முடிவைச் சொல்லிக் கடிதம் வந்தது. ஆர்ச்சி தன்னுடையதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, முதலில் அவளுடையதைப் பிரித்துப் படிக்கச் சொன்னான். ரோனாவுக்கு இந்தக் குளிர்காலத்திலிருந்து படி உண்டு. அவள் ஓவென்று கத்திவிட்டாள். ஆர்ச்சி குனிந்து அவள் நெற்றியில் முத்தமிட்டான்.

"உன்னுது?"

"மிக உயர்ந்த தேவை உள்ளவங்களுக்கு மட்டுமாம். நான் நடுத்தரமாம். ஒரு கால் இருக்கே." அவன் சிரிக்கப் பார்த்தான். "இன்னொண்ணையும் எடுத்துட்டு வான்னு நேரடியாச் சொல்ல வெக்கப்படுறாங்க போல."

ரோனா அந்தக் கடிதத்தைப் பிடுங்கி வாசித்தாள். பத்து மாதம் அவளோடு அலைந்தவன் அவன். அவளுடைய நாற்காலியை மேட்டில் ஒற்றைக் காலோடு தள்ளிக்கொண்டு வந்தவன் அவன்.

"விடு கண்ணு. உனக்குக் கிடைச்சதே, அது போதும். எனக்கு அலுத்துப்போச்சு."

"எனக்கும்தான் அலுத்துப்போச்சு. அந்த லிஃப்ட்டு, அந்தக் கமிட்டி, அந்தக் கார்ஸ்டேர்ஸோட கோட்டு, எல்லாமே. அதுக்காக?"

அடுத்த மனுவுக்காக மடிக்கணினியைத் திறந்தாள். அவளுடைய விரல்கள் மெதுவாகத்தான் நகரும். 'நடுத்தரத் தேவை' என்ற இரண்டு சொல்லை அடிக்கவே வெகுநேரம் பிடித்தது. ஆர்ச்சி எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"நகரு. நீ சொல்லு, நான் அடிக்கிறேன். இந்த வேகத்துல நீ அடிச்சா அடுத்த குளிர்காலமே வந்துரும்."